சீட்டு, இடம், குறி: மூன்று சொற்களின் நில வரலாறு

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கட்டுரையின் சில பக்கங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எவ்வாறு கைமாறியது என்பதைப் பற்றிய கட்டுரை அது. சரளமாக ஓடிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் வந்து முட்டி நின்றது. "ஒதுக்கீட்டு நிலங்கள் பழங்குடிகளுக்குத் தனித்தனியே ஒதுக்கீடு செய்யப்பட்டன. எஞ்சியவை குடியேறிகளுக்கு ஒதுக்கப்பட்டன."

மூலத்தில் இந்த மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. முதலாவது ரிசர்வேஷன், இரண்டாவது அலாட்மென்ட், மூன்றாவது அசைன். "கையில் இருக்கும் அகராதி எல்லாவற்றுக்கும் 'ஒதுக்கீடு' என்றே சொல்கிறது. நான் என்ன செய்ய?" என்று நண்பர் அலுத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டுவசதி வாரியம் வீட்டைக் கொடுத்தால் ஒதுக்கீட்டு ஆணை. நிதிநிலை அறிக்கையில் பணத்தைப் பிரித்தால் நிதி ஒதுக்கீடு. கல்லூரியில் இடம் காத்து வைத்தால் இட ஒதுக்கீடு. ஊரார் ஒரு குடும்பத்தோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டாலும் நாம் சொல்வது அதே சொல்தான்: ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

நண்பருக்கு நான்கு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்து இந்தக் கட்டுரையாயிற்று. அலாட், அலொகேட், அசைன் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இலக்கண ஆசிரியர்கள் பயன்பாட்டைக் காட்டிப் பிரித்துக் காட்டுவார்கள். அதைவிட அவற்றின் வரலாற்றைச் சொன்னால் வேறுபாடு மனதில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றும் நிலத்தில் வேர்விட்ட சொற்கள். ஒன்றின் அடியில் சீட்டு இருக்கிறது, மற்றொன்றின் அடியில் இடம், மூன்றாவதின் அடியில் குறி.

முதலில் இன்றைய வழக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அலாட் என்றால் ஒரு மொத்தத்தைக் கூறுபோட்டு அவரவர் கூற்றை அவரவரிடம் கொடுப்பது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் பத்து நிமிடம் என்று அவைத்தலைவர் பிரித்துத் தருவது அலாட். அலொகேட் என்றால் கையிருப்பை வைத்திருப்பவர் அதன் ஒரு பகுதியை ஒரு நோக்கத்துக்கென எடுத்து வைப்பது. அணைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று கருவூலம் செய்வது இது. அசைன் என்றால் இது இன்னாருடையது, இது இன்னார் பொறுப்பு என்று பெயர் பொறித்துக் கட்டுவது. ஆசிரியர் மாணவனுக்கு வேலை கொடுப்பதும், உரிமையாளர் தம் உரிமையைப் பத்திரம் எழுதி இன்னொருவருக்கு மாற்றுவதும் அசைன்தான்.

ஒரு சிறிய சோதனையும் உண்டு. ஆங்கிலத்தில் வேலையை ஆளுக்கு அசைன் செய்யலாம், ஆளையும் வேலைக்கு அசைன் செய்யலாம். கட்டு இரு முனையிலும் விழும். ஆளை வேலைக்கு அலாட் செய்வது மட்டும் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். மனிதன் பங்கு பெறுகிறவன், பங்காக ஆகிறவன் அல்லன்.

கணினித் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த வேறுபாடு விரல்நுனியில் இருக்கும். நினைவகத்தில் இடம் பிடிப்பது அலொகேட். பிடித்த இடத்தில் ஒரு மதிப்பை வைப்பது அசைன். சி மொழியில் இடத்தைப் பிடித்துவிட்டு மதிப்பை வைக்க மறந்தால் அங்கே பழைய குப்பை ஏதேனும் கிடக்கும். இடம் வேறு, அதில் பொறிக்கும் குறி வேறு என்பதை இயந்திரம் நம்மைவிடக் கறாராகக் காப்பாற்றுகிறது.

*

இனி வேர்களுக்கு வருவோம். அலாட் என்பதற்குள் இருக்கும் 'லாட்' பழைய ஜெர்மானியச் சொல். திருவுளச்சீட்டுப் போல, முடிவு காணக் குலுக்கியெடுக்கும் மரத்துண்டை அது குறித்தது. அதுவே பிரெஞ்சு வழியாகச் சுற்றி ஆங்கிலத்துக்கு வந்தது. லாட்டரி என்பதும் அதே குடும்பம். மனிதர்கள் பங்குபோடும்போது சண்டை வராமலிருக்கக் கண்டுபிடித்த மிகப் பழைய வழி இது. விவிலியத்தில் யோசுவா சீலோவில் சீட்டுப் போட்டுக் கோத்திரங்களுக்கு நிலத்தைப் பங்கிடுகிறார். ஏதென்ஸ் நகரத்தார் நடுவர்களைப் பொறுக்கியெடுக்கக் கல்லில் துளைகள் வெட்டிய ஒரு கருவியையே வைத்திருந்தார்கள். கிரேக்கத்தில் சீட்டுக்கும் நிலப்பங்குக்கும் ஒரே சொல்தான்: கிளேரோஸ். கிறித்தவ மதகுருக்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து கிளைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குருமார்களாக இருந்த காலத்தில் அதிலிருந்து இன்னொரு சொல்லும் வந்தது. அதுதான் கிளார்க். நம்மூர் அலுவலகக் குமாஸ்தாவின் பூர்வீகம் ஒரு குலுக்குச்சீட்டில் போய் நிற்கிறது!

நமக்கும் இது புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்லும் குடவோலை முறையை அறியாதவர் இருக்க மாட்டார்கள். முப்பது குடும்புகளின் ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று கரையீடு. தொண்டை மண்டலத்திலும் காவிரிப் படுகையிலும் பல ஊர்களில் காணியாட்சிக்காரர்கள் ஊர் நிலத்தைக் கூட்டாக வைத்திருந்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். நல்ல வயலும் கெட்ட வயலும் எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வாறு பொதுவில் வைத்திருந்தால் பசுங்கரை. நிரந்தரமாகப் பிரித்து அவரவர் பெயரில் முடித்துக்கொண்டால் அறுதிக்கரை. திருக்குறளில் ஈடுபாடு கொண்ட எல்லிஸ் துரை, மிராசு உரிமையைப் பற்றி 1818இல் வெளியான தம் நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். இந்த இரண்டு சொற்களையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். முடிவில் தேவைப்படும்.

கரையீட்டை ஒரு பொற்காலச் சமத்துவமாக எண்ணிவிடவும் கூடாது. சீட்டுப் போட உட்கார்ந்தவர்கள் காணியாட்சிக்காரர்கள் மட்டுமே. அந்த வயல்களில் இறங்கி உழுத பறையருக்கும் பள்ளருக்கும் சீட்டு கிடையாது. எந்தப் பங்கீட்டைப் பார்த்தாலும் குடத்துக்குள் யாருடைய ஓலை விழவில்லை என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அலொகேட்டின் வேர் லத்தீனின் லோகஸ். இடம் என்று பொருள். ஒன்றை ஓரிடத்தில் வைப்பது என்ற வினைதான் கருவூலக் கணக்கர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. இடைக்கால இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் ஒரு செலவை ஏற்றுக்கொண்டு உரிய கணக்கில் சேர்ப்பதை இச்சொல்லால் குறித்தார்கள். இதே லத்தீன் வினை பிரெஞ்சில் உருத்திரிந்து, 'புகழ்தல்' என்று பொருள்தரும் இன்னொரு வினையோடு கலந்து, ஆங்கிலத்தில் 'அலௌ' ஆயிற்று. அனுமதித்தல் என்று நாம் கொள்ளும் சொல்தான். அலவன்ஸ் என்ற படிப்பணத்துக்குள் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கணக்கில் இடம் கிடைப்பதும் அனுமதி கிடைப்பதும் ஒன்றுதானே. இச்சொல்லில் பெறுகிறவரின் முகம் தெரியாது. பேரேட்டின் பத்திகள்தான் தெரியும்.

அசைன் என்பதன் வேர் சிக்னம். குறி, அடையாளம், முத்திரை. ரோமானியர்கள் புதிய குடியிருப்புகளில் நிலத்தை வழங்கிய முறையை நினைத்தால் இச்சொல் கண்முன் விரியும். குரோமா என்ற கருவியைக் கொண்டு நில அளவர்கள் நேர்கோடுகள் இழுத்து, நிலத்தைப் பெரிய சதுரங்களாக்குவார்கள். ஒரு சதுரம் பொதுவாக 200 யூகெரா. பிறகு குடியேறுவோர் சீட்டெடுப்பார்கள். அதன்பின் இன்ன கூறு இன்னாருக்கு என்று குறித்து நிலத்தைக் கொடுப்பார்கள். இந்த இறுதிச் செயலே அசைன். வரைபடத்தை வெண்கலத்தில் பொறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. வெஸ்பாசியன் காலத்தில், கி.பி. 77இல், பளிங்கில் பொறித்த அப்படிப்பட்ட நிலப்பதிவின் துண்டுகள் தெற்குப் பிரான்சின் ஒராஞ் நகரத்தில் கிடைத்திருக்கின்றன. இடத்தை அளந்து, சீட்டைக் குலுக்கி, குறியைப் பொறித்த அந்த ஒரே சடங்கில் நம் மூன்று சொற்களின் கருத்துகளும் வரிசையாக நிற்கின்றன.

அளந்து வழங்கிய அந்த நிலம் எப்போதும் வெறும் நிலமாக இருந்ததில்லை. கி.மு. 42இல் பிலிப்பிப் போர் முடிந்ததும், ஓய்வுபெற்ற வீரர்களுக்குக் கொடுக்க இத்தாலியின் ஊர்களிலிருந்தே நிலத்தைப் பறித்தார்கள். வெர்ஜிலின் 'எக்ளோக்ஸ்' தொகுப்பின் முதல் பாடலில் இரண்டு இடையர்கள் சந்திக்கிறார்கள். ஒருவனுக்கு நிலம் தப்பியது. மற்றவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். யாருக்கோ குறித்துக் கொடுத்த நிலம் இன்னொருவன் இழந்த நிலம் என்பதை ஐரோப்பிய இலக்கியம் அப்போதே எழுதி வைத்துவிட்டது.

*

அலாட்மென்ட் என்ற சொல் இங்கிலாந்தில் சட்டச்சொல்லாகக் கனம் பெற்றது வேலியடைப்புக் காலத்தில். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்த வயல்களும் தனியுடைமையாக அடைபட்டன. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் இது. ஆணையர்கள் வந்து ஊரை அளப்பார்கள். பண்ணைப் பிரபுவுக்கு இவ்வளவு, தேவாலயத் தசமபாகத்துக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பார்கள். பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்து, சுள்ளி பொறுக்கி வாழ்ந்த ஏழைக்குப் பெரும்பாலும் எழுத்தில் உரிமை இருக்காது. உரிமைக்குச் சான்று இல்லாதவனுக்குப் பங்கும் இல்லை. ஜான் கிளேர் (1793-1864) என்ற உழவர் குடிக் கவிஞரின் ஊரான ஹெல்ப்ஸ்டன் 1809ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடைபடத் தொடங்கியது. சிறுவயதில் தடையின்றித் திரிந்த வெளிகள் வேலிக்குள் போனதன் துயரம் அவருடைய கவிதைகளில் கடைசிவரை ஒலிக்கிறது.

பின்னாளில் அதே சொல் சற்றுச் சாந்தமடைந்தது. நிலமற்றோர் காய்கறி பயிரிட ஊராட்சிகள் சிறு துண்டு நிலம் குத்தகைக்குத் தர வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்றும் பிரிட்டனில் அலாட்மென்ட் என்றால் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்ட சுமார் 250 சதுர மீட்டர்த் தோட்டம்தான் மக்கள் மனதில் வரும். ஊர் முழுவதையும் இழந்தவர்களின் பேரர்களுக்குத் துண்டு நிலம் வாடகைக்குக் கிடைத்தது என்றும் இதைச் சொல்லலாம்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இச்சொல் சாந்தமடையவே இல்லை. 1887 பிப்ரவரி 8 அன்று குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட் கையெழுத்திட்ட பொது அலாட்மென்ட் சட்டம், அதைக் கொண்டுவந்த செனட்டர் ஹென்றி டாஸின் பெயரால் டாஸ் சட்டம் என்று வழங்குகிறது. பழங்குடிகள் கூட்டாக வைத்திருந்த நிலத்தை உடைத்துக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயது தாண்டிய தனியருக்கு 80 ஏக்கர், சிறார்க்கு 40 ஏக்கர் என்று கொடுத்தார்கள். 25 ஆண்டுகள் அந்நிலம் அரசின் பொறுப்பில் இருக்கும், விற்க முடியாது. தனிச்சொத்து வந்துவிட்டால் இந்தியர்கள் நாகரிகமடைந்துவிடுவார்கள் என்று நல்லெண்ணம் கொண்ட பலரும் நம்பினார்கள். இனவரைவியலாளர் ஆலிஸ் பிளெட்சர் அவர்களில் ஒருவர். நெஸ் பெர்ஸ் மக்களின் நிலத்தைப் பங்குபோட அவரே நேரில் சென்றார். அம்மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'அளக்கும் பெண்'.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த அலாட்மென்டில் சீட்டே இல்லை. பழங்குடியினர் தம் துண்டைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்றது சட்டம். தேராவிட்டால் அதிகாரி தேர்ந்து கொடுப்பார். பங்கு போட்டபின் மிஞ்சியது 'உபரி' ஆயிற்று. அந்த உபரிக்குத்தான் உண்மையான சீட்டு வந்தது. 1901இல் ஓக்லஹோமாவில் கயோவா, கோமாஞ்சி, அப்பாச்சி, விச்சிட்டா மக்களிடமிருந்து எடுத்த நிலத்தில் தலா 160 ஏக்கர் கொண்ட 13,000 மனைகளை வெள்ளைக் குடியேறிகளுக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். பெயர் பதிந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எல் ரீனோ என்ற ஊரில் பெட்டிக்குள் உறைகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சீட்டு என்று பெயர்கொண்ட சட்டம் பழங்குடிக்கு, சீட்டோ குடியேறிக்கு.

கயோவா தலைவர் லோன் உல்ஃப் வழக்குத் தொடுத்தார். வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பாமல் நிலத்தை எடுக்கக் கூடாது என்று 1867ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்லியிருந்தது. ஒப்பந்தத்தை மீற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1903இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1887இல் பழங்குடிகளிடம் இருந்த நிலம் 13.8 கோடி ஏக்கர். 1934இல் இம்முறையை நிறுத்தியபோது எஞ்சியிருந்தது 4.8 கோடி ஏக்கர். எஞ்சிய துண்டுகளும் வாரிசுகளுக்குள் பிரிந்து பிரிந்து, ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கான பங்காளிகள் என்றாயிற்று. பொறுப்பில் வைத்திருந்த பணத்துக்கு அரசு ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை என்று பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த எலூயிஸ் கோபெல் 1996இல் தொடர்ந்த வழக்கு, 2009இல் 340 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. பங்கு போட்டவர்கள் பேரேட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை.

*

டாஸ் சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து நம்மிடத்தில் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு கொடுத்ததே பஞ்சமி நிலம். இதற்கான ஆங்கிலச் சொல் அலாட்மென்ட் அன்று, அசைன்மென்ட். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது, அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இந்த நிபந்தனைதான் நிலத்தின் மேல் பொறித்த சிக்னம். நிலம் எத்தனை கை மாறினாலும் குறி கூடவே போகும்.

நம் வருவாய்த் துறையின் பழைய எழுத்தர்கள் இச்சொல்லுக்குத் தேர்ந்த தமிழ் என்னை வியக்க வைக்கிறது. அவர்கள் 'நில ஒதுக்கீடு' என்று எழுதவில்லை. 'நில ஒப்படை' என்றார்கள். ஒப்படைத்தல் என்பதில் கொடுப்பதும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. குழந்தையை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம், சாவியை ஒப்படைக்கிறோம். யாரிடம், எதற்காக என்ற குறி அந்த வினைக்குள்ளேயே உண்டு. ஒதுக்கிய பணத்தை அடுத்த ஆண்டு வேறு தலைப்புக்கு மாற்றிவிடலாம். ஒப்படைத்ததை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

மாற்ற முடியாது என்பது தாளில்தான். பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும், அதை மீட்கக் கோரி 1994இல் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் வாசகர்கள் அறிந்ததே. ஆனாலும் குறி தாளில் அழியாமல் இருந்ததால்தான் நூறாண்டு கழித்தும் அந்த மக்கள் "இது எங்கள் நிலம்" என்று ஆவணத்தை நீட்ட முடிந்தது. ஒரு சொல்லைச் சரியாக எழுதி வைப்பதன் பயன் சில சமயம் இவ்வளவு தாமதமாக வரும்.

நண்பருக்கு இறுதியில் நான் எழுதியது இதுதான். ரிசர்வேஷனைக் காப்பு நிலம் என்று எழுதுங்கள். அலொகேட் வரும் இடங்களில் ஒதுக்கீடு இருக்கட்டும், அங்கே அது பொருத்தமான சொல். அசைன் வந்தால் நிலமோ பணியோ, ஒப்படைத்தல் என்று வைத்துப் பாருங்கள். அலாட்மென்டுக்குப் பங்கீடு போதும். டாஸ் சட்டத்தை விளக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடமிருந்து இரண்டு சொற்களைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்: "பசுங்கரையாக இருந்த காப்பு நிலத்தை அம்மக்களைக் கேட்காமலே அறுதிக்கரையாக்கினார்கள்."

அடிக்குறிப்பு வேண்டியிருக்குமே என்றார் நண்பர். போடுங்கள் என்றேன்.